சிவப்பு ஒயில் லைற்றும் பிரஷர் சுவிட்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே பரந்தனில் என் கராஜுக்கு வருபவர்களும் தொலைபேசியில் கூப்பிடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த 5 வருடத்தில் வன்னியில் ஓடும் ரொயோட்டா டொல்பின் வான்களும் லைற் ஏஸ்களும் பழைய கொறொல்லாக்களும் இன்னும் தேய்ந்துபோயின. டாஷ்போட்டில் எண்ணெய்க் குடுவை போலச் சிவப்பாகப் பற்றும் லைற்றைப் பற்றிய விசாரிப்பும் கூடிவிட்டது. அதைப் பற்றவைப்பதும் அணைப்பதும் எஞ்சினில் பூட்டியிருக்கும் சின்ன ஒயில் பிரஷர் சுவிட்ச். லைற்றைக் கண்டு பயந்து நல்ல எஞ்சினைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள். பயமில்லாமல் ஓடி எஞ்சினை இழந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பகுதியும் செய்யாமல் விட்டது ஒன்றுதான்: ஒயில் அழுத்தத்தை அளந்து பார்க்கவில்லை.

அண்ணை, ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு லைற் பற்றினால் முதலில் என்ன செய்வது?

ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். "கிளிநொச்சிக்கு இன்னும் 4 கிலோமீற்றர்தானே, மெதுவாகப் போய்ச் சேர்வோம்" என்று நினைக்க வேண்டாம். மெதுவாகப் போவதால் ஒரு நன்மையும் இல்லை. சுற்றுக் குறையக் குறைய ஒயில் பம்ப் தள்ளுவதும் குறையும்.

எஞ்சினுக்குள் சுற்றுகிற பெரிய தண்டான கிராங்கும், அதைத் தாங்குகிற பெயாரிங்கும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. நடுவில் தலைமயிரிலும் மெல்லிய இடைவெளி இருக்கும். அதை நிரப்பி நிற்கிற ஒயில் படலத்தின் மேல்தான் கிராங் மிதக்கிறது. பம்பின் அழுத்தம் போனால் படலம் போகும், பிறகு இரும்போடு இரும்பு. பெயாரிங் உருகிப் பிடிக்கச் சில நிமிடம் போதும்.

நிறுத்தி ஒரு 10 நிமிடம் விட்டு, ஒயில் கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு ஸ்ராட் பண்ணி, லைற் சில விநாடிகளில் அணைந்து எஞ்சினும் வழமையான சத்தத்தில் ஓடினால், ஒயில் எங்கே போனது என்பதைக் கராஜில் போய்ப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் லைற் அணையவில்லை என்றால் திரும்ப ஸ்ராட் பண்ண வேண்டாம். கட்டி இழுத்து வாருங்கள்.

இந்த சுவிட்ச் என்னதான் செய்கிறது?

மிகச் சின்ன வேலை. சுவிட்சுக்குள்ளே ஒரு மெல்லிய சவ்வும், ஒரு ஸ்பிரிங்கும், ஒரு மின்தொடுப்பும் இருக்கும். எஞ்சின் நிற்கும்போது ஸ்பிரிங் தொடுப்பை மூடியே வைத்திருக்கும். திறப்பைப் போட்டதும் லைற்றில் இருந்து வரும் மின்சாரம் சுவிட்ச் வழியாக எஞ்சினின் உடம்புக்கு இறங்கும், லைற் பற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒயில் சவ்வைத் தள்ளும், தொடுப்பு விலகும், லைற் அணையும்.

இங்கே ஓடும் பெரும்பாலான ஜப்பான் வாகனங்களில் ஒரு சில பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வந்ததுமே தொடுப்பு விலகிவிடும். கார் ரயருக்கே நாம் 30 அளவில் காற்று அடிக்கிறோம். அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது எவ்வளவு சிறிய அழுத்தம் என்று தெரியும். பலர் கவனிக்காத விஷயம் இது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் நல்ல எஞ்சின் ஒன்றில் 36 பிஎஸ்ஐக்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் எஞ்சினில் அது 12 ஆக விழுந்திருந்தாலும் லைற் அணைந்துதான் இருக்கும். சுவிட்சுக்குத் தெரிவது "அழுத்தம் இருக்கிறது, இல்லை" என்ற இரண்டு மட்டும். போதுமா என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் லைற் பற்றுகிற அளவுக்கு வந்துவிட்டால் நான் அதை விளையாட்டாக எடுப்பதில்லை.

திறப்பைப் போட்டால் லைற் பற்றவே இல்லை. நல்லதுதானே?

இல்லை, நல்லதில்லை. எஞ்சின் ஓடாதபோது அது பற்றியே ஆக வேண்டும். பற்றாவிட்டால் காவல்காரன் தூங்குகிறான் என்று அர்த்தம்.

சுவிட்சின் வயரைக் கழற்றி, திறப்பைப் போட்டு, வயரின் நுனியை எஞ்சினில் துப்புரவான இரும்புப் பகுதி ஒன்றில் தொடுங்கள். லைற் பற்றினால் வயரும் பல்பும் சரி, பழுது சுவிட்சில். பற்றாவிட்டால் பல்ப், பியூஸ், வயர் என்று தேடிப் போக வேண்டும். இந்தச் சோதனை ஒற்றை வயர் உள்ள சுவிட்சுக்கு மட்டும். 3 வயர் போகிற சென்சர் என்றால் வயரை எங்கேயும் தொட வைக்காதீர்கள், கணினிப் பெட்டி பழுதாகலாம்.

விற்க வந்த வாகனம் பார்க்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். தேய்ந்த எஞ்சினை மறைக்க சுவிட்ச் வயரைக் கழற்றி விடுவது பழைய தந்திரம். ஸ்ராட் பண்ணுவதற்கு முன் திறப்பை மட்டும் போட்டு, சிவப்பு லைற் பற்றுகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த கதை பேசுங்கள்.

எஞ்சின் ஓடும்போதும் லைற் அணையவில்லை. சுவிட்ச் பழுதா, எஞ்சின் பழுதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் முக்கியமான கேள்வி, ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் ஒயில் அளவு. அது சரி என்றால், எஞ்சினை நிறுத்தி, திறப்பை மட்டும் போட்டு, சுவிட்சின் வயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியும் லைற் பற்றிக்கொண்டே இருந்தால் சுவிட்சுக்கும் எஞ்சினுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. வழியில் எங்கோ வயர் உரசி இரும்பில் முட்டுகிறது.

முள்ளியவளையில் இருந்து ஒருமுறை ஒரு கொறொல்லா வந்தது. வேறோர் இடத்தில் எஞ்சின் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். உரிமையாளர் வயலுக்கு வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு முகம் வாடி வந்திருந்தார். வயரைக் கழற்றினேன், லைற் அணையவில்லை. கையால் வயரைத் தடவிக்கொண்டே போனேன். மின்சாரம் உண்டாக்கும் ஓல்ற்றனேற்றரின் தாங்கிக்குப் பின்பக்கம், எலி கடித்து மேலுறை போன இடத்தில், செம்பு பளபளவென்று தெரிந்தது. அறுவடை முடிந்து நெல்மூட்டை அடுக்கிய கொட்டிலில் காரை விட்டிருக்கிறார். இரண்டு அங்குல வயரும் கொஞ்சம் ரேப்பும்தான் செலவு.

சரி, வயரைக் கழற்றியதும் லைற் அணைந்தால்? அப்போது வயர் நல்லது, சந்தேகம் சுவிட்சிலும் எஞ்சினிலும். இந்த இடத்தில்தான் பலர் புது சுவிட்சை வாங்கிப் போட்டுப் பார்க்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. சுவிட்சைக் கழற்றி, அதே ஓட்டையில் அழுத்தத்தைக் காட்டும் ஊசி மீற்றரைப் பூட்டி, உண்மையான அழுத்தத்தைப் பார்ப்பேன். சந்தேகம் உள்ள எஞ்சினை அப்போதும் அதிக நேரம் ஓட விடுவதில்லை. முதல் சில விநாடிகளில் ஊசி எழும்பாவிட்டால் உடனே நிறுத்திவிடுவேன். எழும்பினால்தான் எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஸ்லோவிலும் (ஆக்சிலேற்றரை மிதிக்காமல் ஓடும்போது) 3000 சுற்றிலும் ஊசி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன்.

பழைய ரொயோட்டா எஞ்சின்களுக்கு நிறுவனத்தின் கைநூல் சொல்வது, சூட்டில் ஸ்லோவில் குறைந்தது 4.3 பிஎஸ்ஐ, 3000 சுற்றில் 36 முதல் 71 வரை. டொல்பினில் வருகிற சில டீசல் எஞ்சின்களுக்கு மேல் எல்லை 85. உங்கள் எஞ்சினுக்குரிய கணக்கை அதன் கைநூலில் பாருங்கள். ஊசி இந்த எல்லைக்குள் நின்றும் லைற் பற்றினால் குற்றவாளி சுவிட்ச்தான். ஊசியே விழுந்து கிடந்தால் சுவிட்ச் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

ஊசி மீற்றர் இல்லை. சுவிட்சை மட்டும் சோதிக்க வழி உண்டா?

உண்டு. கழற்றிய சுவிட்சின் மரைப்பக்கத்தில் சிறிய ரப்பர் குழாயை மாட்டி, கிளிப்பால் இறுக்கி, மறுமுனையைக் காற்றடிக்கும் பம்பில் பூட்டுங்கள். மல்டிமீற்றரைக் கீச்சிடும் சோதனையில் வைத்து, ஒரு நுனியைச் சுவிட்சின் உடம்பிலும் மற்றதை அதன் முனையிலும் வையுங்கள். காற்று இல்லாதபோது மீற்றர் கீச்சிட வேண்டும். மெல்ல அடிக்க, ஒரு சில பிஎஸ்ஐ வந்ததும் சத்தம் நிற்க வேண்டும். காற்றை விட்டதும் திரும்பக் கீச்சிட வேண்டும். பத்துத் தடவை செய்தாலும் ஒரே மாதிரி நடந்தால் சுவிட்ச் நல்லது. சைக்கிள் பம்பே இதற்குப் போதும், அழுத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்பது மட்டும்தான் குறை. அவசரம் வேண்டாம், மெல்ல அடியுங்கள்.

புது சுவிட்ச் வாங்கினால் அதையும் பூட்டுவதற்கு முன் இப்படிச் சோதிப்பேன். பெட்டியில் இருந்து எடுத்த புதுச் சாமானே பழுதாக இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

வவுனியாவில் இருந்து ஓடி வந்து முறிகண்டியில் நிறுத்தும்போது மட்டும் லைற் மினுங்குகிறது. ஆக்சிலேற்றரைத் தொட்டால் அணைந்துவிடுகிறது. ஏன்?

ஏ9 வீதியில் ஓடுகிற எல்லோரும் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு போக அங்கே நிறுத்துகிறோம். எஞ்சின் அதன் உச்சச் சூட்டில் இருக்கிற நேரமும் அதுதான், திடீரென்று ஸ்லோவுக்கு வருகிற நேரமும் அதுதான். சூட்டில் ஒயில் தண்ணீர் போலாகிறது, ஸ்லோவில் பம்ப் குறைவாகத் தள்ளுகிறது. அழுத்தம் குறைந்த எஞ்சின் தன்னைக் காட்டிக்கொடுக்கிற இடம் அது. காலையில் வீட்டில் ஸ்ராட் பண்ணிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காரணங்களை இந்த ஒழுங்கில் தேடுங்கள். ஒயில் குறைவா? காலம் கடந்த ஒயிலா? எஞ்சினுக்குப் பொருந்தாத மெல்லிய ஒயிலா? ஸ்லோ சுற்று அளவுக்கு மேல் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா? இவையெல்லாம் கையால் திருத்தக்கூடியவை. இவை சரி என்றால் சுவிட்ச், பிறகு மீற்றர் வைத்து அழுத்தம். மீற்றரிலும் குறைவாகக் காட்டினால் பெயாரிங் தேய்வு, பம்ப் தேய்வு, அல்லது அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு திறந்தபடி சிக்கியிருப்பது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்ப்புக்குள், பம்ப் ஒயிலை உறிஞ்சுகிற வலை அடைபட்டிருக்கலாம். போன வருடம் ஒரு லைற் ஏஸின் சம்ப்பைக் கழற்றினேன். வலையில் சிவப்பு சிலிக்கன் நாடா நாடாவாக, இடியப்பம் பிழிந்து விட்டது போலச் சிக்கியிருந்தது. முன்பு யாரோ சம்ப் பூட்டும்போது ஒழுகக்கூடாது என்று அள்ளிப் பூசியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும், துடைக்கலாம். உள்ளே பிதுங்கியது உடைந்து வலைக்குப் போய்விடும். 3 மில்லிமீற்றர் கோடு போதும், தம்பிமாரே. அதற்கு மேல் பூசாதீர்கள்.

வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் பற்றி அணைகிறது.

ஒயில் குறைவு. ஒயில் ஒரு பக்கம் சரிய, வலை காற்றை உறிஞ்சுகிறது. ஊற்றிவிட்டு, எங்கே குறைகிறது என்று தேடுங்கள்.

காலையில் ஸ்ராட் பண்ணினால் லைற் அணைய 5, 6 விநாடி எடுக்கிறது.

பெரும்பாலும் ஒயில் ஃபில்ரர். நல்ல ஃபில்ரருக்குள் ஒயில் இரவில் கீழே இறங்கிவிடாமல் தடுக்கும் ரப்பர் தடுப்பு இருக்கும். மலிவு ஃபில்ரரில் அது இறுகிப் போயிருக்கும். நல்லதாக மாற்றிப் பாருங்கள். மாறவில்லை என்றால் மேலே சொன்ன வலையை யோசிக்க வேண்டும்.

தடித்த ஒயில் ஊற்றினால் லைற் அணைந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

அணையும். ஆனால் அது நோயை மாற்றாமல் காய்ச்சலை மட்டும் இறக்குவது. தேய்ந்த பழைய டீசல் எஞ்சினுக்கு, நம்முடைய வெக்கைக்கு, 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயில் பொருந்தும், நானும் ஊற்றுகிறேன். ரொயோட்டா அக்வா போன்ற புதிய வாகனம் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயிலுக்காகச் செய்யப்பட்டது. அதன் ஒயில் வழிகள் ஒடுக்கமானவை. அதற்குள் 20டபிள்யூ-50ஐ ஊற்றி லைற்றை அணைக்கப் பார்ப்பது எஞ்சினுக்குச் செய்யும் அநியாயம்.

ஒயில் அளவு குறையாமல் கூடியிருக்கிறது. லைற்றும் மினுங்குகிறது. எப்படி?

ஒயிலோடு வேறு ஏதோ கலந்திருக்கிறது. கம்பியில் இருந்து ஒரு துளியை விரலில் எடுத்துத் தேய்த்து, மணந்து பாருங்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது தொண்ணூறுகளில். பொருளாதாரத் தடை இருந்த காலம், வன்னியில் பெற்றோல் தங்கம் போல. ஸ்ராட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் கார்களை ஓடவைத்தோம். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். இரண்டு கிழமையில் ஒயில் தண்ணீராகிவிடும். எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் காலையில் எந்தக் காரைத் தொட்டாலும் முதலில் கம்பியை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோவார். விரலில் வழுவழுப்பு இல்லாமல் ஒயில் வழிந்தோடினால், "இது ஒயில் இல்லையடா, விளக்கெண்ணெய்" என்று சொல்லி வெளியே ஊற்றிவிடச் சொல்வார். விளக்குக்கு விடுகிற மண்ணெண்ணெயைத்தான் அப்படிச் சொல்வார்.

இன்றைக்குக் காரணங்கள் வேறு. டீசல் பம்பின் சீல் போயிருக்கலாம், இன்ஜெக்ரர் ஒழுகலாம், பழைய பெற்றோல் காரில் பெற்றோல் பம்பின் சவ்வு கிழிந்து பெற்றோல் சம்ப்புக்குப் போகலாம். ஒயில் பால்தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் வெள்ளம் வந்து வடிந்தபோது அந்த நிறத்தை நிறையப் பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற வாகனத்தை ஸ்ராட் பண்ணிப் பார்க்கவே கூடாது. ஒயிலை இறக்கிப் பார்த்த பிறகே மற்றது.

சுவிட்ச் அடியில் ஒயில் ஒழுகுகிறது. இறுக்கினால் போதுமா?

எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். மரையடியில் என்றால் கழற்றித் துடைத்து, மறுபடி மரைப் பசை பூசிப் பூட்டலாம். வயர் மாட்டுகிற முனையின் நடுவால் ஒயில் கசிந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, மாற்றுங்கள். தள்ளிப்போடவும் வேண்டாம், ஒரு நாள் சவ்வு முழுதாகக் கிழிந்தால் அந்தச் சின்ன ஓட்டையால் சம்ப் வெறுமையாகிவிடும்.

நானே மாற்றலாமா?

மாற்றலாம், கடினமில்லை. சுவிட்ச் பெரும்பாலும் ஒயில் ஃபில்ரருக்குப் பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில்.

எஞ்சின் ஆறட்டும். சுற்றியுள்ள புழுதியை முதலில் பிரஷால் துடைத்துவிடுங்கள். நம்முடைய கிரவல் வீதிப் புழுதி ஒயிலோடு சேர்ந்து சாந்து போல் அப்பியிருக்கும். அதைத் துடைக்காமல் கழற்றினால் ஒரு சிட்டிகை மண் ஒயில் வழிக்குள் விழும், அது நேரே பெயாரிங்குக்குப் போகும். கீழே ஓல்ற்றனேற்றர் இருந்தால் துணியால் மூடுங்கள். ரொயோட்டாவில் அநேகமாக 24 மில்லிமீற்றர் நீண்ட சொக்கற் பிடிக்கும். குறடால் பிடித்துத் திருகாதீர்கள், பிளாஸ்ரிக் தலை உடையும்.

மரையைச் சரியாகப் பார்த்து வாங்க வேண்டும். ஜப்பான் வாகனங்களுக்கு வருவது கூம்பு வடிவான 1/8 அங்குலப் பிரித்தானிய அளவு, அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்க அளவு 27 மரை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். மாறிப் போட்டால் இரண்டு சுற்று ஏறிப் பிறகு இறுகும். இறுகுகிறதே என்று பலமாகத் திருகினால் எஞ்சினின் மரை போய்விடும். பழைய சுவிட்சைக் கடைக்குக் கையில் கொண்டு போங்கள்.

குழாய் வேலைக்குச் சுற்றுகிற வெள்ளை ரேப்பை நான் பாவிப்பதில்லை. நிறையச் சுற்றினால் சுவிட்சின் உடம்பு எஞ்சினில் முட்டாமல் போய் லைற் பற்றாது, நுனியில் கிழிந்த துண்டு ஒயில் வழிக்குள்ளும் போகலாம். மரைக்குப் பூசும் பசையை முதல் இரண்டு மரையை விட்டுப் பூசுங்கள். கையால் நன்றாக ஏறிய பிறகுதான் சொக்கற் வையுங்கள். 13 முதல் 15 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும், கூம்பு மரை என்பதால் அடிவரை போய் முட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிறகு ஸ்ராட் பண்ணி, லைற் அணைகிறதா, ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்து, கடைசியாக ஒயில் அளவையும் பாருங்கள்.

உழவு இயந்திரத்தில் லைற் இல்லை, ஊசி மீற்றர் இருக்கிறது. இதே சுவிட்ச் பொருந்துமா?

பொருந்தாது. மின்சாரத்தில் இயங்கும் ஊசி மீற்றருக்குப் போவது அழுத்தத்துக்கு ஏற்ப மின்தடையை மாற்றுகிற வேறு சாமான். சிலவற்றில் வயரே இல்லை, மெல்லிய குழாயில் ஒயிலே மீற்றர்வரை போகும். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் சிறிய பெற்றோல் பம்புகள் சிலவற்றில் இருப்பதும் அழுத்த சுவிட்ச் இல்லை, ஒயில் மட்டத்தைப் பார்க்கும் மிதவை. வரம்பில் சரிவாக வைத்தால் அந்தப் பம்ப் ஸ்ராட் ஆகாமல் அடம்பிடிப்பது அதனால்தான்.

லைற் கரைச்சலாக இருக்கிறது. வயரைக் கழற்றி விட்டு ஓடினால் என்ன?

ஒருவர் அப்படித்தான் செய்தார். கலியாணவீட்டுக்கு ஆட்களை ஏற்றும் டொல்பின். அடுத்த நாள் முல்லைத்தீவு ஓட்டம் இருந்தது, கராஜில் விட நேரமில்லை. வயரைக் கழற்றிச் சுருட்டி, ரப்பர் பட்டியால் கட்டியிருந்தார். ஏ35 வீதியில் விசுவமடு தாண்டியதும் டொக் டொக் என்று தொடங்கி, பிறகு பெரிய சத்தம். நான் போய்ப் பார்த்தபோது எஞ்சினின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவு ஓட்டை, அதற்குள்ளால், பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் கொனக்ரிங் றொட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுருட்டிக் கட்டிய வயர் அப்படியே இருந்தது. வண்டிக்குக் கட்ட வேண்டிய தவணை இன்னும் 2 வருடம் இருந்தது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

சுவிட்சுக்குப் பராமரிப்பு ஏதும் உண்டா?

ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் வயர் முனையைக் கழற்றி, ஒயில் ஊறியிருக்கிறதா, பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து, துடைத்து மாட்டுங்கள். அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒயிலுக்குச் செய்யும் பராமரிப்பு. சாதாரண ஒயில் என்றால் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, கிரவல் வீதியிலேயே கூட ஓடுகிற வாகனத்துக்கு அதற்கும் முன்பே மாற்றச் சொல்வேன். ஒயிலோடு ஃபில்ரரையும் மாற்றுங்கள்.

இரவில், மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் நடுவில் காட்டுக்குள் லைற் பற்றினால்? யானைப் பயம் இருக்கிறதே.

பயம் நியாயமானது. அப்போதும் எஞ்சினை நிறுத்துங்கள். கண்ணாடியை ஏற்றி, நான்கு பக்க சிக்னலையும் போட்டு, உள்ளேயே இருந்து ஆளைக் கூப்பிடுங்கள். பின்னால் ஒரு லீற்றர் ஒயிலும் இழுவைக் கயிறும் எப்போதும் வைத்திருங்கள். இறங்க வேண்டி வந்தால் சுற்றுமுற்றும் ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இழுக்கும்போது கியரை நியூட்ரலில் விடுங்கள், இழுவையில் ஸ்ராட் பண்ணிப் பார்க்க வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பிரேக் கடினமாக இருக்கும், ஸ்ரியறிங் பாரமாக இருக்கும், இழுப்பவரிடம் முதலே சொல்லி மெதுவாக வரச் சொல்லுங்கள். ஒட்டோ கியர் வாகனம் என்றால் எஞ்சின் சுற்றுகிற சில்லுகளை நிலத்தில் வைத்துத் தூரம் இழுக்கக் கூடாது, விடியும்வரை இருந்தாலும் பரவாயில்லை, தூக்கி ஏற்றுகிற லொறியைக் கூப்பிடுங்கள்.